புதுப்பிப்பு: கியர்பாக்ஸை மாற்றவில்லை, பழுது பார்த்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: 2014 மாடல் டீசல் கார், ஏழு கியர் டிரை டூயல் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்ச் உள்ள) ஆட்டோமேட்டிக். ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் மின்ன ஆரம்பிக்கும், வண்டி இழுக்காது. முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று.

கோயம்புத்தூரில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். ஸ்கேனரில் ஹைட்ராலிக் பிரஷர் குறைவு என்று வந்தது. அவர் முதலில் செய்தது, கியர் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, அடியில் காந்தத்தை ஓட்டிப் பார்த்தது. இரும்புத் தூள் ஒட்டவில்லை. பல்சக்கரமும் பேரிங்கும் நன்றாக இருக்கின்றன என்று அப்போதே சொல்லிவிட்டார். தூள் நிறைய வந்திருந்தால் மாற்றுவதுதான் சரி, பழுது பார்ப்பது வீண் என்றும் சொன்னார்.

கோளாறு மெக்கட்ரானிக்கில், அதாவது கியரையும் கிளட்சையும் இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பகுதியில். கிளட்சை இயக்கும் எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டர் பொருந்தியிருக்கும் அலுமினிய உடலில் மெல்லிய விரிசல்; அதைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தது. இந்த எண்ணெய் தனி, கியர் ஆயிலோடு கலக்காது. அதனால் உள்ளே சேதம் பரவவில்லை. விரிசல் விட்ட அந்த அலுமினிய உடலை மட்டும் மாற்றினார்கள். கிளட்ச் தட்டுகளில் தேய்மானம் குறைவு, அப்படியே விட்டாயிற்று. அப்புறம் ஸ்கேனரில் அடாப்டேஷன் (கிளட்ச், கியர் நிலைகளைக் கியர்பாக்ஸ் கணினிக்கு மறுபடி பழக்குவது) செய்து, சாலையில் ஓட்டிப் பார்த்தோம்.

செலவு புது கியர்பாக்ஸ் விலையில் கால்வாசிகூட இல்லை. உத்தரவாதத்தை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். இதே சிக்கலில் இருப்பவர்கள், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கழற்றிக் காட்டச் சொல்லாமல் பணம் கட்டாதீர்கள். வண்டி இப்போது மேட்டிலும் நெரிசலிலும் உதறாமல் ஓடுகிறது.