கணையத்தில் கொழுப்பு: இதயத்துக்கும் ஆபத்தா?

கேள்வி: அல்ட்ராசவுண்டில் கணையம் வெளுப்பாகத் தெரிகிறது, கொழுப்பு படிந்திருக்கிறது என்று ரிப்போர்ட். ஃபேட்டி லிவரும் உண்டு. எச்.பி.ஏ.1.சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) 6.1. தனி மருந்து இருக்கிறதா? இதயத்தையும் பாதிக்குமா?

பதில் 1: தனி மருந்து கிடையாதுங்க. குடல் வாயு கணையத்தை மறைக்கும் என்பதால் அல்ட்ராசவுண்டில் அளவு சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.யில் அளக்கலாம், கணையத்தில் கொழுப்பு சுமார் 6 சதவீதத்துக்கு மேல் போனால் அதிகம் என்று பல ஆய்வுகள் கொள்கின்றன. ஆனால் அதற்காகச் செலவு செய்யாதீர்கள், சிகிச்சை மாறப்போவதில்லை.

பதில் 2: கணையத்தில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்பதற்கு, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் 2008-இல் முன்வைத்த விளக்கம் இதுதான்: கல்லீரலில் தேங்கும் கொழுப்பு ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் வழிந்து கணையத்தில் சேர்கிறது, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்கின்றன. டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டைரக்ட் ஆய்வில் தினம் 850 கலோரி அளவு உணவில் 15 கிலோ அல்லது அதற்குமேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் சர்க்கரை நோய் தணிந்தது. இதில் கணையத்திலிருந்து கரையும் கொழுப்பு ஒரு கிராம்கூட இருக்காது! சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் டோஸ் மாற்றாமல் இந்த உணவு முறையைத் தொடங்கவே கூடாது, சர்க்கரையும் அழுத்தமும் தாழ்ந்துவிடும்.

பதில் 3: இதயத்தோடு தொடர்பு தெரிகிறது, நேரடிக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. லிப்பிட் ப்ரொஃபைலும் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ரத்த அழுத்தமும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கட்டும். மதுவை அடியோடு நிறுத்துங்கள்.