பாக்கெட்டில் நிற்பது ரத்தமா, தண்ணீரா?

குழித்துறைக்காரன்:
பாறசாலை மருமகள் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டித் தொங்கவிடும் போத்தை (எருமைக்கடா இறைச்சியை) விட, ஆன்லைனில் உறைந்து வரும் ஸ்டேக்தான் (கல்லில் சுடும் தடித்த துண்டுதான்) ஃபிரெஷ்" என்கிறார். நானும் ஒரு தடவை வாங்கிப் பார்த்தவன்தான். எங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்றது. அதனால் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மைத்துனன் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, பைக்கில் போய் எடுத்து வந்தேன். இரண்டு துண்டு அண்டர்கட், அதாவது முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற கறி. மறுநாள் பார்த்தால் பாக்கெட்டுக்குள் கால் டம்ளர் ரத்தம்! எங்கள் அப்பா முப்பது வருஷம் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். தொங்கும் தொடையிலிருந்து இப்படி ரத்தம் வடிந்து நான் பார்த்ததே இல்லை.

பாறசாலை மருமகள்:
அது ரத்தம் இல்லை அண்ணன். ரத்தம் அறுக்கும்போதே வடிந்துபோகும். பாக்கெட்டில் நிற்பது தசைக்குள் இருந்த தண்ணீர். மயோகுளோபின் என்ற புரதம் கலந்திருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. உறையும்போது ஐஸ் படிகங்கள் தசையைக் கிழிக்கும், உருகும்போது அந்த வழியாகத் தண்ணீர் கசியும். உறைந்த இறைச்சி எதுவானாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஏற்றுமதி இறைச்சிக்கூடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் நான்.

குழித்துறைக்காரன்:
கொஞ்சம் வரும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு வந்தது கால் டம்ளர். படித்தவர்கள் புதுப் பெயர் வைத்துவிட்டால் ரத்தம் ரத்தம் இல்லை என்று ஆகிவிடுமா?

தக்கலை வாத்தியார்:
ஃபிரெஷ் என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெட்டி எவ்வளவு நேரம் ஆனது என்பதா, கெடாமல் இருப்பதா? ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

குழித்துறைக்காரன்:
வாத்தியாரே, அது அப்புறம். கால் டம்ளர் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லுங்கள்.

நெய்யாற்றின்கரை தம்பி:
வேகமாக உறையவைத்தால் படிகம் பொடிசாக இருக்கும், கசிவும் குறைவு. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், கசிவும் கூடும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கனடாவில் லாப்ரடார் பக்கம் இருந்தபோது, கடுங்குளிரில் சட்டென்று உறைந்த மீன் சமைத்த பிறகும் நன்றாக இருப்பதைக் கவனித்தார். அதை வைத்துத்தான் இந்த முறையைத் தொழிலாக்கினார். 1930 மார்ச் 6-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய உறைந்த பொருள்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்தன. இறைச்சியும் அதில் இருந்தது. அதனால் முறையில் குறை இல்லை. கால் டம்ளர் வந்தது என்றால் நடுவில் உருகி, மறுபடி மெதுவாக உறைந்திருக்கலாம்.

குழித்துறைக்காரன்:
பார்த்தீர்களா! உருகி உறைந்த சரக்கு. தம்பி வாயாலேயே வந்துவிட்டது.

பாறசாலை மருமகள்:
எங்கே உருகியது? அதைத்தானே கேட்க வேண்டும். பெட்டி மைத்துனன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தது? நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்?

குழித்துறைக்காரன்:
காலையில் வந்தது, சாயங்காலம் எடுத்தேன். தெர்மோகோல் பெட்டிதானே, பிரிக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக ஃபிரீசரில் வைத்தேன். மறுநாள் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.

பாறசாலை மருமகள்:
அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் வெக்கையில் பகல் முழுக்க வெளியே கிடந்திருக்கிறது. அதை மறுபடி வீட்டு ஃபிரீசரில் மெதுவாக உறைய வைத்திருக்கிறீர்கள். எங்கள் கூடத்தில் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்ந்த காற்றை அடித்து, துண்டின் நடுப்பகுதி மைனஸ் 18-க்கு இறங்கிய பிறகுதான் வெளியே எடுப்போம். நீங்கள் செய்த வேலைக்குக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

குழித்துறைக்காரன்:
என் மைத்துனன் வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த வீட்டில் பிரிட்ஜ் இல்லாதது குற்றமா? கால் டம்ளர் ரத்தத்தை மறைக்க ஏழைவீட்டைக் குத்திக்காட்டுகிறீர்கள்.

பாறசாலை மருமகள்:
பிரிட்ஜ் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அதைச் சொன்னதே நீங்கள்தான்!

கொல்லங்கோடு கடற்காற்று:
இவருக்கு இதே வேலைதான். போன வருஷம் நெய்மீன் விவாதத்தில், எங்கள் வள்ளத்தில் விடியற்காலை வந்த மீனைப் பார்த்து "பழைய ஐஸ் மீன்" என்று எழுதினார். இன்றுவரை மன்னிப்பு கேட்கவில்லை. அப்புறம், எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன அந்தப் பக்கம்? அங்கேயும் தமிழ் பேசுகிற நம் சொந்தக்காரர்கள்தானே இருக்கிறார்கள்?

குழித்துறைக்காரன்:
1956 நவம்பர் 1-ல் எங்கள் விளவங்கோடு தாலுகாவைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க எங்கள் பெரியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எல்லையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மீன் விஷயத்திலும் நான் சொன்னது சரிதான். கண் குழிந்திருந்தது.

கொல்லங்கோடு கடற்காற்று:
கண் குழிந்திருந்ததா! போட்டோவில் மீனின் தலையே இல்லை, வே.

தக்கலை வாத்தியார்:
மாட்டுக்கு வருவோம். ஆன்லைனில் ஸ்டேக் என்று விற்பது பசுவா, போத்தா? சில ஸ்டேக் மெல்ல முடியாமல் முரடாக இருப்பது அதனால்கூட இருக்கலாம்.

பாறசாலை மருமகள்:
நாங்கள் அனுப்பியது எருமை இறைச்சி மட்டும்தான். பசு இறைச்சியை ஏற்றுமதி செய்ய நம் நாட்டில் அனுமதி கிடையாது. முரடு என்றதும்தான் முக்கியமான ஒன்று ஞாபகம் வருகிறது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். குளிரில் சில நாள் கிடந்தால்தான் அது தளர்ந்து மெத்தென்று ஆகும். காலையில் வெட்டியதைத் தேங்காய்க்கொத்து போட்டுச் சுருள வறுத்து உலர்த்தினால் பிரமாதம், ஏனென்றால் முதலில் குக்கரில் நன்றாக வேகவிடுகிறோம். மரச்சீனிக் கிழங்கோடு அதைத்தான் நானும் தின்று வளர்ந்தேன். ஸ்டேக் அப்படி இல்லை. கல்லில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம், அவ்வளவுதான். அதற்குள் விறைத்த தசை இளகுமா? அதனால்தான் குளிரில் சில நாள் வைத்துப் பதப்படுத்தி, பிறகு உறைய வைத்ததே ஸ்டேக்குக்கு மேல் என்றேன். அதை யாராவது மறுத்துப் பேசுங்கள்.

நெய்யாற்றின்கரை தம்பி:
இது சரியான வாதம்.

குழித்துறைக்காரன்:
சரியான வாதமாகவே இருக்கட்டும். கால் டம்ளர்? சந்தையில் தொங்குவதில் ஏன் வடியவில்லை?

பாறசாலை மருமகள்:
காற்றுப் பட்டு மேல்பக்கம் காய்ந்துபோகிறது அண்ணன். அங்கே தண்ணீர் ஆவியாகப் போகிறது, பாக்கெட்டில் போக வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. காலையில் தொங்கவிட்ட தொடையைச் சாயங்காலம் எடை போட்டால் குறைந்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும்.

குழித்துறைக்காரன்:
எங்கள் அப்பா எடையில் கை வைத்தவர் இல்லை! மார்த்தாண்டம் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். செத்துப்போன மனிதரை இழுத்த பிறகு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது?

தக்கலை வாத்தியார்:
அவர் அப்படிச் சொல்லவே இல்லையே. இன்னொரு தடவை படியுங்கள்.

குழித்துறைக்காரன்:
படித்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு கிலோ வாங்கி, அடியில் தட்டு வைத்துக் கொக்கியில் மாட்டப்போகிறேன். சொட்டு விழுகிறதா என்று போட்டோ எடுத்துப் போடுகிறேன். தண்ணீராம், புரதமாம்!

பாறசாலை மருமகள்:
மாட்டுவதற்கு முன்னால் ஒரு எடை, பிறகு ஒரு எடை. இரண்டையும் போடுங்கள்.

குழித்துறைக்காரன்:
எடை எதற்கு? சொட்டு விழுகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

கொல்லங்கோடு கடற்காற்று:
போட்டோ போடும்போது அந்த நெய்மீனுக்கும் ஒரு பதில் போடுங்கள். காத்துக்கொண்டிருக்கிறேன்.