கன்டம் (Gundam) ரோபோ பிளாஸ்டிக் கிட் கட்டுபவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்

நானே தொடங்கி வைக்கிறேன். போன வருஷம் ஆவணி. கம்ப்ரசரும் ஏர்பிரஷும் கோயம்புத்தூர் நண்பன் வீட்டில் இருக்கின்றன. சனிக்கிழமை போய் அடித்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவது வழக்கம். அன்றைக்குப் பையில் பாதி முடிந்த 1/144 ஸாக்கு (நிஜ அளவில் 144ல் ஒரு பங்கு; ஒற்றைக் கண் ரோபோ). கை, கால், தலை எல்லாம் கிளிப் குச்சியில் தனித்தனியாக. நிப்பர் (பாகம் வெட்டும் கட்டர்), இரண்டு கத்தி, சூப்பர் க்ளூ. அப்புறம் சின்ன ஜிப் கவரில் ஆப்பசோடா.

எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பை பார்த்தார்கள். கத்தியைக்கூட அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த வெள்ளைப் பொடியைத்தான் இரண்டு விரலால் தூக்கினார்.

"இதென்தா?"

பதற்றத்தில் "பிளாஸ்டிக் ஒட்டுற பொடி சார்" என்றேன். அதுதான் தப்பு. கீழே இறங்கச் சொன்னார். பஸ் முழுக்க ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறது. சரி, செய்து காட்டுவோம் என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்து, ஒரு ரன்னர் துண்டில் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) கத்தியால் பள்ளம் கீறி, சோடாவைத் தூவி, க்ளூ ஒரு சொட்டு விட்டேன். லேசாகப் புகை வந்தது, உடனே கல்லாக இறுகிவிட்டது. நகத்தால் குத்திப் பார்த்தார். பிறகு பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "அப்பக்காரம்!" என்று பின்னால் நின்றவரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

என்னை உறுத்துவது அது இல்லை. ஸாக்குவின் தலையை எடுத்து அந்த ஒற்றைக் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்ர வயசாயி?" என்றார். 31 என்றேன். பதிலே சொல்லவில்லை. கையைக் கையோடும் காலைக் காலோடும் சேர்த்து அவரே பையில் அடுக்கிக் கொடுத்தார். நான்கூட அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்க மாட்டேன். என்ன நினைத்தார் அந்த மனுஷன்?

மார்த்தாண்டம் ரப்பர்

சோடாவை ஜிப் கவரில் கொண்டு போனது உங்கள் தப்பு. டப்பாவோடு கொண்டு போயிருக்கலாம். சரி, என் கதை.

மாமாவுக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. 1/100 ஒன்றுக்கு மூன்று நிறத்தில் திட்டுத் திட்டாக அடிக்க வேண்டும். டேப் வெட்டி ஒட்டினால் அந்த வளைவு வராது. பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கக் கடையில் விற்கிற திரவ மாஸ்கிங் பலதும் லேடெக்ஸ்தானே, நம் தோட்டத்தில் சிரட்டை சிரட்டையாக ஒழுகுகிறதே என்று காலையில் போய் ஒரு சின்னக் குப்பியில் பால் பிடித்தேன். வெட்டுக்காரப் பெரியவர் "எதுக்கு மக்கா?" என்றார். பெயின்ட் அடிக்க என்றதும் சிரித்துவிட்டார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார், பார்க்க.

பிரஷ்ஷில் தடவி, காய்ந்து கண்ணாடி மாதிரி ஆனதும் மேலே பச்சை அடித்து முடித்திருந்தேன். உரிக்க வேண்டியதுதான் பாக்கி. "நான் எடுக்கட்டா?" என்றார். கட்டைவிரலால் ஓரத்தை ஒரு உருட்டு, ஒரே இழுப்பு. சிரட்டையிலிருந்து ஒட்டுப்பால் எடுப்பது போலவே வந்தது. கீழே விளிம்பு பிளேடால் கீறினது மாதிரி சுத்தமாக நின்றது. நான் எட்டு வருஷமாக டேப் உரிக்கிறேன், அந்த மாதிரி ஒரு விளிம்பு எனக்கு வந்ததில்லை.

இரண்டாவது காலுக்குப் பால் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு வெட்டு இல்லை. டிரம்மில் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றி வைத்திருந்த பாலை எடுத்துத் தடவினேன். அடியில் இருந்தது அக்ரிலிக். உரித்தபோது நிறமும் சேர்ந்து வந்தது, முழங்காலில் பிளாஸ்டிக் தெரிந்தது. மறுநாள் பெரியவர் வந்து பார்த்து, "மருந்து விட்ட பாலா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். தோட்டத்துக்குப் போனால் இப்போதும் "கால் சரியாச்சா?" என்றுதான் கேட்கிறார். ஆகவில்லை.

செங்கோட்டை சாரல்

மேலே எழுதியவர் எல்லாவற்றையும் அமோனியா தலையில் போடுகிறார். பாதிதான் சரி. அடியில் லாக்கர் அடித்திருந்தால் அமோனியா ஒன்றும் செய்திருக்காது. அக்ரிலிக்கைக் கரைக்க நாமே அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைத்தானே பயன்படுத்துகிறோம்!

என் சம்பவம் சின்னது. ஜூன் மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம். கறுப்பு எம்.ஜி. (விவரம் கூடின 1/100 வரிசை) ஒன்றுக்கு மொட்டை மாடியில் மேட் டாப்கோட், அதாவது பளபளப்பில்லாத கடைசிப் பூச்சு, அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் உச்சந்தலை முதல் பாதம் வரை வெளுத்துவிட்டது. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு மாமா உற்றுப் பார்த்து, "ஏன் தம்பி, பொம்மைக்கு விபூதி பூசியிருக்க?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நானும் "ஆமா மாமா" என்றேன். அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அந்த வெளுப்பு அதுதான். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல், அப்புறம் ஐப்பசி மழை. ஆக, வருஷத்தில் பாதி நாள் டாப்கோட் அடிக்கவே கூடாது. ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள். அறுபதைத் தாண்டினால் கேனைத் தொடாதீர்கள். கேனை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வையுங்கள். வெதுவெதுப்பு போதும், சூடு ஆகாது, அடுப்பு பக்கமே கொண்டு போகக் கூடாது. மூன்று மெல்லிய பூச்சு, ஒரே கனத்த பூச்சு வேண்டாம். ஏற்கெனவே வெளுத்துவிட்டால் பதறித் தேய்க்காதீர்கள். வெயில் நாளில் மெல்லிசாகப் பளபளப்பான கிளாஸ் கோட் அடித்தால் பெரும்பாலும் தெளியும், பிறகு மேட் அடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் விற்கிற என்.சி. தின்னரை வைத்து எதையும் துடைக்காதீர்கள். நம் கிட் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், கூழாகிவிடும். பேனல் லைன் (பாகத்தின் பள்ளக் கோடுகளுக்கு நிறம்) போட எனாமல் ஓட்டுகிறவர்களும் கவனம், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாகத்தில், அதுவும் இறுக்கமாகப் பூட்டிய மூட்டில் அது இறங்கினால் விரிசல் விடும். பாகத்தைப் பிரித்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கத்தி பற்றியும் ஒரு வார்த்தை…

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அண்ணா, கத்தி பற்றி யாரும் கேட்கவில்லை. சம்பவம்தான் கேட்டேன். விபூதி மாமா நன்றாக இருக்கிறார்.

நகரி தறி

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நாங்கள் ஆந்திரப் பக்கம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு தறி, அப்பா ஓட்டுகிறார். நான் கட்டினது 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வந்ததே, அந்த முதல் 1/144 கன்டம் கிட், பின்னால் வந்த மறுபதிப்பு. அதைக் கட்டினவர்களுக்குத் தெரியும். இப்போதைய எச்.ஜி. வரிசை மாதிரி டக் டக்கென்று பூட்டுகிற விஷயம் இல்லை. பசை போட்டு ஒட்டி, இணைப்புக் கோட்டில் புட்டி வைத்து, 400, 600, 800 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, முழுசாகப் பெயின்ட் அடித்தால்தான் உருவமே வரும். இரண்டு மாதம் ஆனது. மேட் வெள்ளை. பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் அப்படி ஒரு வெள்ளை! மேஜையில் காய வைத்துவிட்டு திருத்தணி வரை போய் வந்தேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை என்பது எனக்குத் தெரியும். என் மேஜை வரைக்கும் வரும் என்று தெரியாது.

தறி எல்லாம் நின்று, கழுவி, பொட்டு வைத்தாகிவிட்டது. நாடா, எண்ணெய்க் கேன், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம். பக்கத்தில் என் நிப்பர், கத்தி, ஏர்பிரஷ், எல்லாம் வரிசையாகப் பேப்பர் விரித்து. நடுவில் அது. நெற்றியில் வி-ஃபின் என்கிற V வடிவக் கொம்புக்குக் கீழே ஈர மஞ்சள், அதன் மேல் குங்குமம். அப்பாவின் விரல் அகலம் எவ்வளவோ அவ்வளவு. முகமே தெரியவில்லை.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். அவர் சட்டென்று தோளில் இருந்த துண்டால் துடைத்தார், ஈரம் கன்னம், மார்பு என்று இழுவிக்கொண்டே போனது. கையை எடுத்துவிட்டார். "மெஷின்னு நெனச்சேன்டா" என்றார். பிறகு தறிக்குப் பொரி வைக்கப் போய்விட்டார்.

அதை இன்னும் சரிசெய்யவில்லை. பெட்டியில் இருக்கிறது.

மார்த்தாண்டம் ரப்பர்

தம்பி, வெயிலில் வையுங்கள். வேட்டியில் மஞ்சள் பட்டால் என்ன செய்கிறோம்? துவைத்தால் போகாது, கொடியில் காயப் போட்டால் போய்விடும். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

செங்கோட்டை சாரல்

தயவுசெய்து செய்யாதீர்கள்! வெள்ளை பிளாஸ்டிக்கை வெயிலில் வைத்தால் பழுப்பேறும். ஜன்னலோரத்து அலமாரியில் வைத்து நானே இரண்டு கிட்டைப் பாழாக்கியிருக்கிறேன். அதுவும் சித்திரை வெயிலில் காருக்குள் எல்லாம் வைத்தால் மெல்லிய பாகம் வளைந்தும்விடும்.

மார்த்தாண்டம் ரப்பர்

அது வருஷக்கணக்கில் வைத்தால். இது நாலு நாள். அதோடு அவர் முழுக்கப் பெயின்ட் அடித்திருக்கிறார், வெறும் பிளாஸ்டிக் இல்லை. படிக்காமலே பதில் போடுகிறீர்கள். காரில் வைக்கச் சொன்னது யார்?

செங்கோட்டை சாரல்

படித்தேன். மேட் பரப்பு நுண்துளை உள்ளது, சாயம் உள்ளே இறங்கியிருக்கும். லாக்கர் என்றால் திரும்பத் தேய்த்து அடிப்பதே வழி. முதலில் 800 தாள், தண்ணீர் தொட்டு…

குமுளி ஏலம்

உங்கள் சண்டைக்கு நடுவில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்.ஜி. (ரியல் கிரேடு) கிட் ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். 1/144 அளவிலேயே எம்.ஜி. அளவுக்கு விவரம் வேண்டும் என்று 2010ல் தொடங்கின வரிசை, எனவே ஒவ்வொரு துண்டும் அரிசி சைஸ். நிப்பரில் வெட்டும்போது கண் தெறித்துவிட்டது. கண்ணாடி மாதிரி பச்சை பிளாஸ்டிக் துண்டு. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், டார்ச், செல்போன் வெளிச்சம், ஒன்றும் இல்லை. மூன்று நாள் தேடினேன். அழுதும்விட்டேன், மறைப்பானேன்.

பக்கத்து போர்ஷனுக்கு ஒரு அக்கா வருவார், உறவுக்காரர். கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை. என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். "என்ன கலரு? எத்தினி எம்.எம்?" என்றார். எட்டு எம்.எம். காயையும் ஏழு எம்.எம். காயையும் பார்வையிலேயே பிரிக்கிறவர், அதனால் அந்தக் கேள்வி. மூணு எம்.எம்., பச்சை என்றேன்.

டார்ச் கேட்கவில்லை. முறம் கேட்டார். அறையின் நான்கு மூலையும் துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி, அந்தக் குப்பையை முறத்தில் அள்ளி வாசலுக்குப் போய்ப் புடைத்தார். முடி, தூசி, பஞ்சு, தேய்த்த பிளாஸ்டிக் மாவு எல்லாம் பறந்தது. முறத்தின் ஓரத்தில் ஒரு கொலுசு மணி, இரண்டு மிளகு, என் பச்சைத் துண்டு. இரண்டு நிமிஷம் இருக்கும்.

உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கண்ணுக்கும் ஒரே துண்டா?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். அவர் முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜீப் போயிடும் என்று சொல்லிப் போய்விட்டார். அதன் பிறகு வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார், உள்ளே வருவதில்லை. எதற்கு அந்த நோட்டை எடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

செங்கோட்டை சாரல்

வெட்டும்போது மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போர்த்திக்கொண்டு கவருக்குள்ளேயே வெட்டினால் தெறிக்காது. அல்லது வெட்டும் பக்கத்தை ஆள்காட்டி விரலால் அணைத்துப் பிடிக்கலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

அண்ணா!!

நகரி தறி

தலையை நேராக வெயிலில் வைக்க மனசு வரவில்லை. அதே வெள்ளையை மூன்று ரன்னர் துண்டில் அடித்து, மூன்றிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். ஒன்று மேற்கு ஜன்னலில், ஒன்று கொட்டகை நிழலில், ஒன்று மேஜை டிராயரில். நேற்றோடு ஆறு நாள். ஜன்னலில் இருப்பது மஞ்சள் நன்றாகவே வெளுத்துவிட்டது. நிழல் துண்டில் லேசாகக் குறைந்திருக்கிறது, டிராயரில் அப்படியே. குங்குமம் மட்டும் மூன்றிலும் அசையவில்லை. கடைக் குங்குமம், வெறும் சாயமாக இருக்கும். அதை மட்டும் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் போல. எனவே இருவருக்கும் பாதிப் பாதி.

ஜன்னல் துண்டை நான் காலையில் ஒரு தடவைதான் பார்க்கிறேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு நாளைக்கு மூன்று தடவை வந்து பார்க்கிறார். நேற்று வெயில் நகர்ந்துவிட்டது என்று துண்டை அடுத்த கம்பிக்கு மாற்றி வைத்திருந்தார். ஓரத்தைப் பிடித்து, பெயின்ட்டில் விரல் படாமல்.