கேஸ்: நோயாளியா, பாதிப்பா, நேர்வா?

> நோய்க் கணக்கில் வரும் 'கேஸ்' (case) என்பதற்குத் தமிழில் 'நோயாளி' போதுமே, இன்னொரு சொல் எதற்கு?

போதாது, ஐயா. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையின் காசநோய்ப் பதிவேட்டைத் தமிழில் விளக்கப் புகுந்தால் 'நோயாளி' சீக்கிரமே இடறும்.

அத்துறையின் மருத்துவர் ஹெர்மன் பிக்ஸ் முன்னின்று நடத்திய ஏற்பாடு அது. 1894இல் மருத்துவமனைகளும் இலவச மருந்தகங்களும் காசநோயைத் தெரிவித்தாக வேண்டும் என்று விதித்தார்கள். தனி மருத்துவர்களுக்கு வேண்டுகோள் மட்டும். 1897இல் அவர்களுக்கும் கட்டாயமானது. சளியை அனுப்பினால் நகர ஆய்வகம் காசு வாங்காமல் சோதித்துச் சொல்லும்; கூடவே பெயரும் முகவரியும் துறைக்கு வந்து சேரும். பிறகு ஆய்வாளர் வீட்டுக்குப் போவார், எச்சிலை எப்படி அப்புறப்படுத்துவது என்று சொல்லித் தருவார். நோயாளி இறந்தாலோ வீடு மாறினாலோ அறையில் கிருமிநீக்கம். தெரு வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் ஒரு குறி.

சிக்கல் இங்கேதான். ஒரே ஆள் இரண்டு மருந்தகங்களுக்குப் போய்ப் பெயரை இரண்டு விதமாகச் சொன்னால் பதிவு இரண்டு, நோயாளி ஒருவர். வாடகை கட்டாமல் வீடு மாறிக்கொண்டே இருந்தால் ஒருவருக்கே நாலு வீட்டில் குறி விழும். இறப்புச் சான்றிதழில்தான் நோய் முதலில் தெரிகிறது என்றால், பதிவு தொடங்கும்போது நோயாளியே இல்லை.

கீழ் மன்ஹாட்டனில் செரி, கேத்தரின், ஹாமில்டன், மார்க்கெட் தெருக்களுக்கு நடுவிலிருந்த குடியிருப்பை 'நுரையீரல் பிளாக்' என்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் அங்கே 265 கேஸ்கள் பதிவானதாக 1903இல் ஒரு கணக்கு வந்தது. '265 நோயாளிகள்' என்று எழுதினால், ஒரே சமயத்தில் அத்தனை பேர் படுத்திருந்ததாகவே படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

'தொற்று' வேண்டவே வேண்டாம். காசக்கிருமி உடலில் புகுந்தும் நோய் வராதவர்களே அதிகம். ஏட்டில் ஏறியது நோய் மட்டும். செய்தித்தாள்களின் 'பாதிப்பு'க்கும் வினை ஒட்டவில்லை. 'பாதிப்பை முடித்து வைத்தார்கள்' என்று சொல்ல முடியுமா? அரசாணைகளில் 'இத்தகைய நேர்வுகளில்' என்று ஏற்கெனவே புழங்கும் 'நேர்வு' நன்றாகப் பொருந்துகிறது. நேர்வு பதிவாகும், முடியும். இரட்டை நேர்வை நீக்கலாம்.

---

> 'நேர்வு' நன்றாகப் பொருந்துகிறது

ஏற்கிறேன். ஆனால் தனியாக நின்றால் 'தேர்வு' என்று கண் படித்துவிடும், அதனால் முதலில் வருமிடத்தில் 'நோய்நேர்வு' என்றே இருக்கட்டும். அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: ஓர் ஆள், ஒரு நோய், ஒரு முறை. மருந்தகம், மருத்துவர், ஆய்வகம் என மூன்று இடத்திலிருந்து தகவல் வந்தாலும் நேர்வு ஒன்றுதான். பதிவேட்டுக்கு 'நேர்வேடு', வரைபடத்துக்கு 'நேர்வுப் புள்ளிப்படம்' என்று நீட்டிக்கொள்ளலாம்.

மருத்துவர் துறைக்குத் தெரிவிப்பதை நம் கலைச்சொல் பட்டியலில் 'நோய் அறிவிப்பு' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும். அறிவிப்பு என்றால் ஊருக்குச் சொல்வது. இதுவோ அலுவலகத்துக்குள் நிற்க வேண்டிய தகவல். நோயாளியின் கமுக்கம் போய்விடும், வாடிக்கையும் கைவிட்டுப் போகும் என்றுதான் நியூயார்க் மருத்துவர்கள் 1897 விதியை எதிர்த்தார்கள். 'நோய் தெரிவிப்பு' என்பதே என் பரிந்துரை.