ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவுற அமைப்பு) கூட்டத்துக்கு முதல் தடவை போறது எப்படி?

கேள்வி: அண்ணன் குடியை விட ஒத்துக்கிட்டார். சென்னையில ஏஏ கூட்டம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நானும் கூடப் போகலாமா?

பதில் 1: தினமும் குடிக்கிறவரா? அப்போ முதல்ல டாக்டர். சட்டுன்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்து. கை நடுக்கம், வியர்வை தெரிஞ்சா காத்திருக்காதீங்க. 14446 போதையை விடறதுக்கான இலவச உதவி எண்.

பதில் 2: ஏஏ இணையதளத்துல ஊர்வாரியா கூட்டப் பட்டியல் பாருங்க. முதல்ல போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, இடம், நேரம் மாறியிருக்கலாம். தமிழ்லயா, திறந்த கூட்டமான்னு கேளுங்க. திறந்ததுக்கு நீங்களும் போகலாம். மூடினது குடியை விட நினைக்கிறவங்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது, பை சுத்தி வந்தா அண்ணன் இஷ்டப்பட்டதைப் போடலாம். பேசச் சொன்னா, "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" போதும்.

பதில் 3: உங்களுக்குன்னே அல்-அனான் இருக்கு தம்பி, குடும்பத்தாருக்கானது. அண்ணனுக்கு முதல் குழு ஒத்துவரலேன்னா வேற குழு பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி.