உரலில் தலையைக் கொடுத்தவர்கள்

திருத்தணியிலிருந்து:

என் அத்தையை நகரியில் கொடுத்திருக்கிறோம். பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் சேர்ந்தபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு மாமா புலம்பிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா திண்ணையிலிருந்தே, "ரோட்லோ தல பெட்டி ரோகட்டி போட்டுக்கு வெரவனேலா" என்றார். என் தெலுங்கு அரைகுறைதான். ஆனாலும் சிரித்துவிட்டேன். உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயப்படலாமா என்று என் பாட்டி சொன்னதேதான்!

திரும்பும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தேன். உரல் அங்கே 'ரோலு'. முன்னால் நின்ற உயிர் பின்னால் போக, ரகரம் முந்திக்கொண்டது. 'உள்' என்பதும் அப்படியே குட்டிக்கரணம் அடித்து 'லோ' ஆகியிருக்கிறது. ரகரத்தில் சொல் தொடங்குவதை நம் இலக்கணம் ஏற்காது; ராமனையே இராமன் ஆக்கியவர்கள் நாம். தெலுங்குக்கு அந்தக் கூச்சம் இல்லை. திராவிட மொழிக் குடும்பத்தில் தமிழும் மலையாளமும் தென் திராவிடக் கிளை, தெலுங்கு தென்-நடுத் திராவிடக் கிளை என்று படித்தபோது மண்டையில் ஏறாதது ஓர் உரலால் ஏறியது. தெலுங்கு வடமொழியின் பிள்ளை அல்ல, தமிழ், கன்னடத்தோடு பிறந்தது என்று சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816-இலேயே எழுதிவிட்டார். அத்தை வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தெலுங்கு மாதிரி தூரத்து உறவு பரவாயில்லை, மலையாளம் மாதிரி நெருங்கிய உறவுதான் காலை வாரும். பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லையிலுள்ள இந்த ஊருக்கு மருமகளாக வந்த புதிதில், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கப் போனேன். "ஸ்ரமிக்காம்" என்றார் அங்கிருந்தவர். என் காதில் 'சிரமம்' என்று விழுந்தது. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். "முயற்சி செய்து பார்க்கிறேன் என்றுதானே சொல்லியிருக்கிறார்!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் மறுபடியும் வரிசை.

குப்பத்திலிருந்து:

மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. சந்தையில் கொத்தமல்லி விற்கும் லம்பாடி அம்மா என்னிடம் தமிழிலும் அடுத்தவரிடம் தெலுங்கிலும் விலை பேசுவார். தாகமெடுத்தால் மகளிடம் கேட்பது மட்டும் "பாணி". லம்பாடிகளின் மொழி இந்தி, குஜராத்திக்கு உறவானது. ஒருநாள் நானும் "பாணி" என்று கேட்டுப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பாகச் செம்பை நீட்டினார். கட்டு விலையை மட்டும் குறைக்கவில்லை.