பக்கவாதத் தோள்: விறைப்பா, மூட்டு இறுக்கமா?

பிசியோ நண்பர்களே, ஒரு தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நோயாளிக்கு வயது 58, மூளை ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் செயலிழந்து 14 வாரம் ஆகிறது. பேச்சும் போய்விட்டதால் எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது, 0 முதல் 10 வரை எண் கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அதனால் முகத்தைத்தான் பார்க்கிறேன். சட்டைக் கையை நுழைக்கும்போது புருவம் சுருங்கி மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

முதல் 5 வாரம் கை தொளதொளவென்று இருந்தது, தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் பள்ளம். இப்போது பள்ளம் பாதியாகிவிட்டது, ஆனால் தசை விறைப்பு ஏறிவிட்டது (விறைப்பை அளக்கும் ஆஷ்வொர்த் அளவுகோலில் 2). முழங்கையை மடக்கி உடலோடு ஒட்டி வைத்து, கையை வெளிப்பக்கம் திருப்பினால் 15 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. வேகமாகத் திருப்பினால் இன்னும் முன்னாலேயே பிடிக்கிறது. விரல்களில் வீக்கமோ நிறமாற்றமோ இல்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஸ்கேனில் தசைநார் கிழிசலும் இல்லை.

3 வாரமாகத் தோள்பட்டை எலும்பை நகர்த்திவிட்டு மெதுவாக நீட்டுகிறேன், உட்காரும்போது கைக்குத் தலையணை, மின்தூண்டல், அப்புறம் டேப். டேப்பால் ஒரு பயனும் தெரியவில்லை. கப்பியில் கயிறு போட்டுக் கையைத் தூக்கும் பயிற்சியைத் தொடவே இல்லை, இந்த மாதிரித் தோளை அது இன்னும் கெடுக்கும்.

மரப்பு ஊசி போட்டுப் பார்க்க இங்கே வழியில்லை. அது இல்லாமல், சப்ஸ்கேபுலாரிஸ் (தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் இருந்து கையை உள்பக்கம் திருப்பும் தசை) விறைப்பையும் மூட்டுறை இறுக்கத்தையும் பிரித்தறிய நீங்கள் நம்பும் கைச்சோதனை எது?